பீட்டில் இன்ஜின்: நாலு கை ஸ்டாண்ட் போதுமா, யோக் கட்டாயமா?

பழையவண்டி:
ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1600 சிசி. இன்ஜினை இறக்கியாச்சு. கேஸை, அதாவது கிராங்க் தண்டு உட்காரும் வெளிக்கூட்டை, பிரித்து மெயின் பேரிங் மாற்றவேண்டும். தெரிந்தவர் பட்டறையில் நாலு கை உள்ள சுழலும் ஸ்டாண்ட் ஒன்று சும்மா கிடக்கிறது. தண்ணீரில் குளிரும் சாதாரண கார் இன்ஜின்களை மாட்டுகிற அதே ஸ்டாண்ட்தான். அதில் மாட்டலாமா? அல்லது பீட்டிலுக்கென்று வருகிற யோக்கை, அதாவது ஸ்டாண்டில் செருகி இன்ஜினைப் பிடிக்கும் அரைவட்டப் பிடியை, வாங்கித்தான் ஆகவேண்டுமா?

கோவைலேத்:
தாராளமாக மாட்டலாம். நூறு கிலோவைச் சற்றுத் தாண்டுகிற இன்ஜின் இது. அந்த ஸ்டாண்ட் இதைப்போல் இரண்டு மடங்கு எடை தாங்கும். இன்னொன்று, பீட்டிலில் இன்ஜினுக்கென்று தனி மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸ் முகத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலே இடத்தில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் தொங்குகிறது. வண்டி ஓடும்போது குண்டு குழியெல்லாம் தாங்குகிற அந்த நாலு இடம், பட்டறையில் சும்மா நிற்கும்போதா விட்டுப்போகும்? ஒரு வேலைக்காக யோக் வாங்குவது வீண் செலவு.

கொழும்புவண்டு:
அண்ணா, எடைக் கணக்கு சரி. ஆனால் கேள்வி எடையைப் பற்றியது அல்ல. சாதாரண இன்ஜினில் பிளாக் ஒரே வார்ப்பு, எங்கே பிடித்தாலும் பிளாக் முழுவதையும் பிடித்ததாகும். பீட்டில் கேஸ் நடுவில் செங்குத்தாகப் பிளக்கும் இரண்டு பாதி. நாலு போல்ட் இடத்தில் இரண்டு இடது பாதியில் இருக்கிறது, இரண்டு வலது பாதியில் இருக்கிறது. நாலு கையையும் மாட்டினால், பிரிக்கவேண்டிய இரண்டு பாதிகளை ஸ்டாண்டே சேர்த்துப் பிடித்திருக்கும்.

யோக் இடது பாதியை மட்டும் பிடிக்கும். அதற்குக் காரணம் உண்டு. மெயின் பேரிங்கை இறுக்கும் ஆறு பெரிய ஸ்டட்களும் (கேஸில் மரையேற்றி நிறுத்திய, தலையில்லாத போல்ட்கள்) இடது பாதியில்தான் நிற்கின்றன. அந்தப் பாதியைப் பிளவு முகம் வானம் பார்க்கத் திருப்பி வைத்து, கிராங்கையும் கேமையும் (வால்வுகளை இயக்கும் தண்டு) அதில் உட்காரவைத்து, வலது பாதியை மேலிருந்து மூடுவதுதான் இந்த இன்ஜினின் முறை. இங்கே இலங்கையில் பீட்டில் இன்னும் நிறையவே ஓடுகிறது. நான் பார்த்த பழைய மெக்கானிக்குகள் யாரும் வேறு மாதிரிச் செய்து பார்த்ததில்லை.

கோவைலேத்:
பிரிக்கும் நேரத்தில் வலப்பக்கத்து இரண்டு கையைக் கழற்றினால் போயிற்று. இடப்பக்கம் இரண்டு கை பிடித்திருக்கும். யோக்கும் அதே இரண்டு இடத்தைத்தானே பிடிக்கிறது? வித்தியாசம் என்ன?

கொழும்புவண்டு:
வித்தியாசம் இருக்கிறது. யோக் ஒரே தடித்த துண்டு. நாலு கை ஸ்டாண்டில் ஒவ்வொரு கையும் தனித்தனியாக ஒரு போல்ட்டைச் சுற்றித் திரும்பக்கூடியது. நாலும் சேர்ந்து இழுக்கும்போதுதான் அது அசையாமல் நிற்கும். இரண்டை எடுத்துவிட்டு இன்ஜினைப் பக்கவாட்டில் திருப்பினால் மீதி இரண்டும் நழுவப் பார்க்கும். கிராங்க் உள்ளே இருக்கும்போது அதை நான் விரும்பமாட்டேன்.

நீங்கள் சொன்ன கியர்பாக்ஸ் உதாரணத்துக்கும் பதில் சொல்லவேண்டும். வண்டியில் இன்ஜின் நாலு புள்ளியில் மட்டும் நிற்கவில்லை. கடைந்து சமமாக்கிய கியர்பாக்ஸ் முகம் கேஸின் முகத்தோடு சுற்றிலும் ஒட்டி நிற்கிறது. போல்ட் அதை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஸ்டாண்டில் முகம் கிடையாது, நாலு குழாய் நுனிகள்தான். அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் இறுக்கும்போது கேஸ்தான் வளைந்துகொடுக்கவேண்டும். அது மக்னீசியம் கேஸ்!

நட்டும்போல்ட்டும்:
இரண்டு பேரும் ஸ்டாண்ட் வேண்டும் என்றே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. மேஜை மேல் ஒரு மரப்பெட்டி, சிலிண்டர் ஸ்டட்கள் உள்ளே தொங்க நடுவில் திறப்பு. இடது பாதியை அதில் படுக்கவைத்தால் மலைபோல் நிற்கும். ஸ்டட் மேல் எடை விழக்கூடாது, அது ஒன்றுதான் கவனம். யோக்கிலோ முழு இன்ஜினும் ஒரு பக்கத்து இரண்டு பிடியில் தொங்குகிறது. கீழே உள்ளது மக்னீசியத்தில் மரை போட்டு ஏற்றிய ஸ்டட். இந்தக் கேஸ்களில் ஹெட் ஸ்டட்கள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவதால்தான் இரும்பு இன்சர்ட் (மரை உள்ள உறை) போடுகிறார்கள். அதே உலோகத்தை நம்பி முழு எடையையும் தொங்கவிடச் சொல்கிறீர்களா?

கொழும்புவண்டு:
முழு இன்ஜினைத் தொங்கவிட நான் சொல்லவே இல்லை. சைலன்சர், ஃபேன் உறை, கார்புரேட்டர், டைனமோ, கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் தரையிலேயே கழற்றவேண்டும். எண்ணெயை வடித்துவிடவேண்டும், இரண்டரை லிட்டர்தான். எப்படியும் கேஸைப் பிரிக்குமுன் ஹெட்டும் சிலிண்டரும் வந்தாகவேண்டும். அதையும் தரையில் கழற்றிவிட்டால் யோக்கில் ஏறுவது வெறும் கேஸும் உள்ளே இருப்பதும் மட்டும். அதற்கு இரண்டு பிடி போதும். ஏற்றுமுன் கீழ் ஸ்டட்டின் மரை ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மரப்பெட்டி கேஸை மூடும் வரை சரி. அப்புறம் ஒரு பக்க சிலிண்டரைப் போட்டபின் மறுபக்கத்துக்குப் புரட்டவேண்டுமே, அங்கே பெட்டி உதவாது.

நட்டும்போல்ட்டும்:
புரட்டுவதற்கு இரண்டு பேர் போதும். கேஸ் பிடிப்பில்லாமல் சும்மா கிடக்கும்போதுதான் கிராங்க் சுலபமாகச் சுற்றுகிறதா என்று கைக்குத் தெரியும். நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்கைத் திருப்பிப் பார்ப்பேன். எங்காவது கனத்தால் பேரிங் அதை இடம் மாறாமல் நிறுத்தும் ஊசியில் உட்காரவில்லை என்று அர்த்தம். ஸ்டாண்ட் கேஸை இழுத்துப் பிடித்திருந்தால் அந்தக் கனம் எதனால் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கொழும்புவண்டு:
நாலு கை ஸ்டாண்டுக்கு எதிராக இதைவிட நல்ல வாதம் இல்லை. யோக் ஒரு பாதியை மட்டும் பிடிப்பதால் வலது பாதி தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

பழையவண்டி:
ஃப்ளைவீல்? கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். அதை ஸ்டாண்டில் வைத்தே அளக்கலாமா?

கொழும்புவண்டு:
நாலு கை ஸ்டாண்டில் ஃப்ளைவீல் வரும் முகத்துக்கு நேர் எதிரே ஸ்டாண்டின் தலை அடைத்துக்கொண்டிருக்கும். பல யோக்குகள் ஃப்ளைவீலுக்கு இடம் விட்டுச் செய்யப்பட்டவை, அதனால் அந்த ஆட்டத்தைச் சரிசெய்யும் மூன்று ஷிம்மையும் (மெல்லிய வளையங்கள்) மாற்றி மாற்றிப் போட்டு அளக்க முடியும். ஆனால் ஃப்ளைவீலின் நடு நட்டைக் கடைசியாக இறுக்குவதை ஸ்டாண்டில் செய்யவேண்டாம். 36 மில்லிமீட்டர் நட், சுமார் 343 நியூட்டன் மீட்டர். நீளக் குழாய் மாட்டி ஆள் தொங்குகிற வேலை. இன்ஜினைத் தரையில் இறக்கி, ஃப்ளைவீலைப் பூட்டிவிட்டு இறுக்குங்கள்.

கோவைலேத்:
ஹெட், சிலிண்டர் வேலை மட்டும் என்றால் நாலு கை ஸ்டாண்ட் போதும் என்பதில் நான் மாறவில்லை. கேஸ் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் யோக்கை வாங்காதே தம்பி, செய். உன் ஸ்டாண்டின் குழாய்க்குள் இறுக்கமாகப் போகிற கனமான குழாயும், தடித்த பிளேட்டும் எடு. கியர்பாக்ஸின் முகத்தையே அச்சாக வைத்துத் துளையைக் குறி. குழாய் கிராங்கின் நேர்கோட்டில் வரட்டும், அப்போதுதான் திருப்பும்போது ஒரு பக்கம் இழுக்காது. வெல்டிங்குக்குப் பிறகு கேஸில் படுகிற இரண்டு முகத்தையும் லேத்தில் ஒரே பிடியில் சமமாக்கு.

கொழும்புவண்டு:
ஒரே பிடியில் சமமாக்கினால் எனக்கும் சம்மதம். பழையவண்டி, மூடும் நாளில் வலது பாதியின் நாலு லிஃப்டரையும் (கேம் தள்ளும் சிறு உருளைகள்) கிளிப்பால் பிடித்துவையுங்கள். இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது கேம் மேல் வந்து விழும்.