முதியோர் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு சமையலறை தேவையா?

வரைபலகை:
முதியவர்களுக்காகத் தரைத்தளத்திலேயே எட்டு வீடுகள் கொண்ட குடியிருப்புக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். சாய்தளம் 1:12 (பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓர் அடி ஏற்றம்), சக்கர நாற்காலி திரும்பக் குளியலறையில் 1500 மி.மீ. வட்டம், 900 மி.மீ. கதவு எல்லாம் வந்துவிட்டது. உரிமையாளர் மட்டும், "பொதுச் சமையல்கூடம் போதும், வீட்டுக்குள் அடுப்பு வைத்தால் ஆபத்து" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?

மறுபடிநடை:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களை மறுபடி தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கப் பழக்குவது என் தொழில். சமையலறையை எடுக்காதீர்கள். முழுச் சமையல் வேண்டாம், தன் காபியைத் தான் போட்டுக்கொள்ள முடிந்தால் போதும். இண்டக்‌ஷன் அடுப்பு வையுங்கள். பாத்திரத்தை எடுத்தால் சூடாக்குவதை நிறுத்திவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புவரை மேடை இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும். நடுங்கும் கையால் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்க முடியாது, மேடைமேல் நகர்த்த முடியும். இதை வரைபடத்தில் யாரும் யோசிப்பதில்லை.

உரிமையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால், 1976-இல் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வைக் காட்டுங்கள். ஒரு பிரிவினரிடம் சின்னச் சின்ன முடிவுகளையும் ஒரு செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஊழியர்களே செய்துகொடுத்த பிரிவைவிட இவர்கள் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள்.

அடுப்பைவிட எனக்குப் பயம் ராத்திரியில் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் அந்த நாலு எட்டுதான். தலையணையில் படுத்தபடியே கழிவறைக் கதவு தெரிய வேண்டும். காலை ஊன்றியதும் தரையோரம் மங்கலான விளக்கு தானே எரியட்டும். கதவு உள்பக்கம் திறக்கவே கூடாது. உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அப்புறம் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு! அறுபது வயதுக் கண்ணுக்குள், இருபது வயதில் போன வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. அவர் எதைப் பார்த்து உட்காருவார்? கமோடு மூடியாவது வேறு நிறத்தில் இருக்கட்டும். துண்டுக் கம்பி மாட்டினால், தடுமாறும் கை அதைத்தான் பிடிக்கும், கம்பி சுவரோடு வந்துவிடும். அந்த இடத்திலும் எடை தாங்கும் கைப்பிடிக் கம்பியையே போட்டுவிடுங்கள். துண்டு அதிலும் காயும்.

வாக்கரம்மா:
நான் அப்படியொரு இடத்தில் குடியிருப்பவள், வயது 78. கம்பியெல்லாம் சரி தம்பி, என் கதவுக்கு ஒரு பூட்டும் அழைப்பு மணியும் வையுங்கள். இங்கே கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது, நேரே உள்ளே வந்து "பாட்டி, மாத்திரை போட்டாச்சா" என்கிறார்கள். அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க அவர்களிடம் ஒரு சாவி இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வாசல் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் சின்னத் தட்டு ஒன்று வேண்டும். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் பை, சாவியை எந்தக் கையால் திருப்புவது? பிளக் பாயின்டைத் தரையோடு தரையாக வைக்காதீர்கள், குனிந்தால் தலை சுற்றுகிறது.

வரைபலகை:
அம்மா, தட்டும் பூட்டும் வரைபடத்தில் ஏறிவிட்டன. பிளக் பாயின்டைத் தரையிலிருந்து 600 மி.மீ. உயர்த்திவிட்டேன். தெரபிஸ்டுக்கு ஒரு கேள்வி: சுவரெல்லாம் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே துளை விட்ட கான்கிரீட் கல். கைப்பிடிக் கம்பி நிற்குமா?

மறுபடிநடை:
வெற்று பிளாக்கில் நிற்காது. கம்பி வரும் இடத்தில் மட்டும் பிளாக்கின் துளைகளில் கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். இப்போது கம்பி தேவைப்படாதவர் வீட்டிலும் நிரப்பிவிடுங்கள், பிறகு டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது. பூசுவதற்கு முன்னால் அளவுநாடாவை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பூசிய பிறகு எங்கே நிரப்பினோம் என்று மேஸ்திரிக்கே தெரியாது.