இரண்டரை வருடமாகக் கரு தங்கவில்லை: கிளினிக்குக்குப் போவதா, இன்னும் பொறுப்பதா?

புதுக்குடியிருப்புத் தங்கை:
வணக்கம். எனக்கு 32 வயது. கல்யாணம் முடித்து இரண்டரை வருடம், இன்னும் தங்கவில்லை. மாதா மாதம் கலண்டரைப் பார்த்துக் களைத்துவிட்டேன். மாமி நல்லவர். ஆனால், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன், வைகாசிப் பொங்கல் முடியட்டும், அதுவரை ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார். இவரோ, "நீ போய்க் காட்டிக்கொண்டு வா, எனக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார். என்ன செய்யலாம்?

நெடுங்கேணி ஐயா:
பிள்ளை, மாமி சொல்வதைக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் வருடம் தானாகவே தங்கியது, ஒரு மருந்தும் எடுக்கவில்லை. இன்னொரு குடும்பம் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைந்து, வயல் காணியை ஈடு வைத்து, ஊசி ஊசியாகப் போட்டது. பிள்ளையும் இல்லை, காணியும் இல்லை. வட்டி மட்டும் இன்னும் போகிறது. அதை என் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

மாங்குளம் தாதி:
ஐயா, அந்த ஐந்தாம் வருடப் பிள்ளை உண்மைதான். சிகிச்சை இல்லாமலும் சிலருக்குத் தாமதமாகத் தங்கும். ஆனால் யாருக்குத் தங்கும், யாருக்குத் தங்காது என்பது சோதிக்காமல் தெரியாது. ஒன்றாக இருந்து முயற்சிக்கும் சோடிகளில் நூறுக்கு எண்பதுக்கு மேல் முதல் வருடத்திலேயே கருத்தரித்துவிடுவார்கள். அதனால்தான் 12 மாதம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறோம். பெண்ணுக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். தங்கச்சி அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டார்.

கடன் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் கிளினிக் என்றவுடன் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நினைக்கிறோம். அது கடைசிப் படி. சிலருக்குத் தைராய்டு மாத்திரையோடு சரியாகிவிடும். சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லும் பிரச்சினையில் முட்டை ஒழுங்காக வெளிவராது, அதற்கும் மாத்திரை உண்டு. முதலில் உங்கள் பகுதி மிட்வைஃப் அக்காவிடம் சொல்லுங்கள். அவர் எழுதித் தந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டலாம், அங்கே பார்ப்பதற்குக் காசு இல்லை. மாதவிடாய்த் தேதிகளைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே தொடங்கலாம்.

கட்டார் தம்பி:
ஒரு விசயம். என்னைப் போல வெளிநாட்டில் இருந்துவிட்டு வருடத்தில் ஒரு மாதம் லீவில் வருபவர்கள் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணிப் பயப்படக் கூடாது. சேர்ந்து இருந்த மாதங்கள்தான் கணக்கு. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், சேர்ந்திருந்தது நாலு மாதம். ஊரில் மனைவியைத்தான் பேசினார்கள்.

துணுக்காய் விவசாயி:
தங்கச்சி, உங்கள் கணவர் சொன்னதை நானும் சொன்னேன். ஒன்றரை வருடம் மனைவியைத் தனியாகக் கிளினிக்குக்கு அனுப்பினேன். இரத்தம், ஸ்கேன், கடைசியில் கர்ப்பப்பைக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே. அந்த வலியோடு பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தாள். எல்லாம் நல்லாக இருந்தது. பிறகுதான் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். என் விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலீட்டருக்கு 4 மில்லியன் விந்தணுக்கள்தான். 16 மில்லியனாவது இருக்க வேண்டுமாம். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருந்தன. சத்திரசிகிச்சை செய்தார்கள். அடுத்த வருடம் மகள் பிறந்தாள்.

குழந்தை தாமதமாகும் சோடிகளில் ஏறத்தாழ பாதிப் பேரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அவளுக்குச் செய்த எல்லாவற்றையும் விட எனக்குச் செய்த சோதனை இலேசானது. அதை முதலில் செய்திருந்தால் அவளுக்கு அந்த வலி இல்லாமல் போயிருக்கும். இன்றைக்கும் எனக்கு அது மனதில் கிடக்கிறது.

நெடுங்கேணி ஐயா:
தம்பி, மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஊரில் ஆம்பிளை அந்தச் சோதனைக்குப் போனால் அடுத்த நாள் சந்தைக்கே தெரியும். அவன் எப்படித் தலை நிமிர்வான்?

துணுக்காய் விவசாயி:
ஐயா, என் மனைவியை விசேச வீடுகளில் முன்னால் வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் எப்படித் தலை நிமிர்ந்தாள்? ஊரில் தெரியும் என்றால் வவுனியாவில் செய்யலாம்.

வட்டுவாகல் அம்மா:
2009 இல் என் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். முகாம், மீள்குடியேற்றம், வீடு என்று காலம் போயிற்று. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று கேட்கவே வெட்கமாக இருந்தது. 42 வயதில் டொக்டரிடம் போனேன். பெண்ணுக்கு முட்டைகள் பிறக்கும்போதே எண்ணிக்கையாக இருக்கும், வயதோடு குறையும், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே அம்மா என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அம்மனிடம் நானும் போகிறேன். நேர்த்தியும் இருக்கட்டும், கிளினிக்கும் இருக்கட்டும் பிள்ளை. வைகாசி வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

நெடுங்கேணி ஐயா:
வட்டுவாகல் தங்கச்சி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, சோதனையை இருவரும் செய்யுங்கள். ஆனால் காணியை ஈடு வைக்கிற பேச்சு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், அதில் நான் மாற மாட்டேன்.

மாங்குளம் தாதி:
அதில் நானும் உங்களோடுதான் ஐயா.

புதுக்குடியிருப்புத் தங்கை:
துணுக்காய் அண்ணா எழுதியதை இவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். இரவு சாப்பிட்டுவிட்டு, சோதனைக்கு முன் எத்தனை நாள் சேராமல் இருக்க வேண்டும் என்று கேட்டார்.

மாங்குளம் தாதி:
இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மேற்படாமல். முதல் முடிவில் குறை இருந்தால் இன்னொரு முறையும் செய்யச் சொல்லுங்கள் தங்கச்சி. நீங்களும் கூடவே போங்கள்.