யூரிக் ஆசிட் 8.4: சாம்பாரை விட்டு ஆறு மாதம், கால் மறுபடி வீங்கிவிட்டது

கிளட்ச்கால்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 44, எடை 91 கிலோ, பிரஷர் உண்டு. நெல்லை–சென்னை இரவு பஸ் ஓட்டுகிறேன்.

போன சித்திரையில் டூட்டி இல்லாத ஒரு நாள், இரவு இரண்டு மணிக்கு இடது கால் பெருவிரலில் நெருப்பை வைத்தது போல எரிந்து விழிப்பு வந்தது. விரல் சிவந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. போர்வை பட்டாலே உயிர் போனது. சுளுக்கு என்று நினைத்து மனைவி தைலம் தேய்க்க வந்தாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

முதலில் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். யூரிக் ஆசிட் 6.2. “கவுட் எல்லாம் இல்லை, சுளுக்குதான்” என்று கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வேறொரு டாக்டர் மறுபடி எடுக்கச் சொன்னார். 8.4! யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வீங்குகிற கவுட் நோய்தான் என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் பருப்பு கிடையாது. கீரை, காளான், காலிஃபிளவர், தக்காளி எல்லாவற்றுக்கும் தடை. ஆறு மாதமாக வத்தக்குழம்பும் அப்பளமும்தான். அப்படியும் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற கால் இது. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் வண்டியை இஞ்ச் இஞ்சாக நகர்த்தும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்னும் எதைத்தான் நிறுத்துவது?

ஓய்வு வாத்தியார்:
தம்பி, எனக்கு இது பதினோராவது வருடம். நிறுத்தியதை எல்லாம் வரிசையாக எழுதிவிட்டீர்கள், நிறுத்தாதது என்ன? வண்டியில் என்ன குடிப்பீர்கள்? ராத்திரி சாப்பாடு எங்கே?

கிளட்ச்கால்:
தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டேன் ஐயா. நடுவில் ஒரே ஒரு மோட்டலில்தான் நிறுத்துவோம், அதற்குள் முட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? தூக்கம் வராமல் இருக்க ஒரு பெரிய பாட்டில் ஆரஞ்சு கூல்டிரிங்ஸ். மோட்டலில் டிரைவருக்குச் சாப்பாடு ஓசி, புரோட்டாவும் ஈரல் வறுவலும் வைப்பார்கள். லீவு நாளில் இரண்டு பீர். வீட்டில் நெத்திலிக் கருவாடு உண்டு. மீன் உடம்புக்கு நல்லதுதானே?

ஓய்வு வாத்தியார்:
சரிதான். குற்றவாளிகளுக்கு வீட்டில் விருந்து வைத்துவிட்டு, சாம்பாரைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறீர்கள்.

ஈரலும் நெத்திலியும் பியூரின் மிக அதிகம் உள்ளவை. பியூரின் உடைந்துதான் யூரிக் ஆசிட் ஆகிறது. பீர் இரண்டு பக்கமும் அடிக்கும்: அதிலும் பியூரின் உண்டு, ஆல்கஹால் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியே தள்ளுவதையும் தடுக்கும். கூல்டிரிங்ஸை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதிலிருக்கும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அதைக் கல்லீரல் உடைக்கும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. பருப்பிலும் கீரையிலும் பியூரின் இருந்தாலும், அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நோய் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மோர், காபி இரண்டும் நமக்கு நண்பர்கள்.

அந்த 6.2 பற்றி: வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டுவது உண்டு. இரண்டு மூன்று வாரம் கழித்து எடுப்பதுதான் சரியான கணக்கு.

எடையைக் குறைக்க வேண்டும், ஆனால் பட்டினி கிடந்து வேண்டாம். நான் அந்தப் புத்திசாலித்தனத்தைச் செய்தேன். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியது, அதே வாரம் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. உடம்பு சட்டென்று கரைந்தால் யூரிக் ஆசிட் ஏறும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை எவ்வளவு சரிசெய்தாலும் 1 புள்ளி இறங்கினால் பெரிது. யூரிக் ஆசிட்டில் பெரும்பகுதி நம் உடம்பே தயாரிப்பது. உங்களுக்கு 8.4, இறங்க வேண்டியது 6க்குக் கீழே. மீதிக்கு மாத்திரைதான்.

மருந்துக்கடை அக்கா:
தம்பி, பிரஷருக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? அட்டையைத் திருப்பி, ஹைட்ரோகுளோரோதையசைடு என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். சிறுநீரைக் கூட்டும் மருந்து அது, யூரிக் ஆசிட்டையும் ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.

யூரிக் ஆசிட்டை இறக்கும் அல்லோப்யூரினால் மாத்திரை எழுதிக் கொடுத்தால் முதல் சில மாதம் கால் மறுபடி வீங்கலாம். படிந்திருப்பது கரையும்போது அப்படித்தான், அதற்காகத்தான் கூடவே வீக்கத்தை அடக்கும் கோல்ச்சிசின் கொடுப்பார்கள். என் கடையில் பாதிப்பேர் அந்த நேரத்தில்தான் “ஒத்துக்கலை” என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

கிளட்ச்கால்:
அக்கா, அட்டையில் இருந்தது! 12.5 என்று போட்டிருக்கிறது. டாக்டர் அதை மாற்றி லோசார்டான் கொடுத்திருக்கிறார். அது யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவும் செய்யுமாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டு அல்லோப்யூரினால் 100இல் தொடங்கியிருக்கிறார், கூடவே கோல்ச்சிசின். கியர் பக்கத்தில் இப்போது இரண்டு லிட்டர் மோர் கேன். விழுப்புரம் பக்கம் ஒரு பங்க்கில் கூடுதலாக ஐந்து நிமிடம் நிறுத்துகிறேன். பயணிகள் திட்டுவார்கள் என்று பயந்தேன், பாதிப்பேர் எனக்கு முன்னால் இறங்கி ஓடுகிறார்கள்.

நேற்று வீட்டில் முருங்கைக்காய் சாம்பார். மூன்று தடவை வாங்கினேன். ஐயா, நெத்திலி மட்டும் மாதம் ஒரு தடவை பரவாயில்லையா?

ஓய்வு வாத்தியார்:
வலி இல்லாத நாளில், நாலே நாலு. கருவாட்டு உப்பு உங்கள் பிரஷருக்கும் ஆகாது. மோட்டல்காரரிடம் ஈரலுக்குப் பதில் ஆம்லெட் கேளுங்கள்.