டர்பனில் "ஜஸ்ட் நவ்" என்றால் எவ்வளவு நேரம்?

டர்பனுக்குப் புதியவன்:
மதுரையிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. குழாய் ஒழுகுகிறதே என்று பிளம்பரைக் கூப்பிட்டேன், "ஜஸ்ட் நவ்" வருகிறேன் என்றார், நானும் குழாய்க்கடியில் வாளியை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன், வாளி இரண்டு முறை நிரம்பி வழிந்தது, ஆள் வந்தது சாயங்காலம். நம் ஊரில் "ஜஸ்ட் நவ்" என்பது இப்போதுதான் நடந்து முடிந்ததைச் சொல்வது. இங்கே எப்படி?

சாட்ஸ்வர்த்காரர்:
தம்பி, அவர் பொய் சொல்லவில்லை. இங்கே "ஜஸ்ட் நவ்" என்றால் அப்புறம், கொஞ்சம் கழித்து. அரை மணியும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். "நவ் நவ்" என்றால்தான் சீக்கிரம், அதுவும் உடனே இல்லை. இங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் இதே மாதிரி இரண்டு சொற்கள் உண்டு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீச்சர்:
நேரத்தைச் சொல்லும் இந்த மாதிரிச் சொற்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "மொமென்ட்" என்பது ஐரோப்பாவில் இடைக்காலத்தில் மணியில் 40இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 90 வினாடி. "ஷேக்" என்றால் அணு இயற்பியலில் 10 நானோ வினாடி, ஆட்டுக்குட்டி வாலை ஆட்டும் நேரம் என்ற பழைய வழக்கிலிருந்து வந்தது. நம் இலக்கணத்தில் மாத்திரைக்குக் கண் இமைப்பதும் கை நொடிப்பதும் அளவு இல்லையா, அதே மாதிரிதான்!

டர்பனுக்குப் புதியவன்:
நன்றி அண்ணா, நன்றி டீச்சர். இனி எத்தனை மணிக்கு என்றே கேட்டுவிடுகிறேன்.