புதுப்பிப்பு: புதுப் பயிற்சியாளர் வந்த பிறகு

என் தங்கை மகளின் கல்லூரி ஓட்ட அணியில் பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் எடை பார்த்து, கூடினால் திட்டுகிறார் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அவர் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் நாளே எடை மெஷினை மருத்துவ அறைக்கு அனுப்பிவிட்டாராம்.

அப்புறம், அவளுக்கு ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. "ஓடுகிற பிள்ளைகளுக்குச் சகஜம்" என்று பழையவர் சொன்னது தப்பு. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாததால் வந்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதற்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டு வீரர்களுக்கு வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்துவிட்டது. எலும்பைப் பலவீனமாக்கும், அவளுக்குக் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.

"ஆறட்டும், உன் இடம் எங்கும் போகாது" என்றிருக்கிறார் புதியவர். போனில் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பழையவர் மேல் கொடுத்த புகாரை நாங்கள் திரும்பப் பெறவில்லை. அவர் நாளை வேறு கல்லூரியில் சேரலாம், அங்கேயும் பெண்பிள்ளைகள் ஓடுவார்கள்.