செங்கல் கிடங்கும் 20 சதவீத டாக்ஸ் கிரெடிட்டும்

அண்ணன்: அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் அவென்யூ பக்கம் ஒரு பழைய செங்கல் கிடங்கு விலைக்கு வருகிறது. கீழே கடை, மேலே நாலு வாடகை வீடு என்று யோசனை. பழைய கட்டடத்தைச் சீர்செய்தால் செலவில் 20 சதவீதம் அரசாங்கம் தரும் என்கிறார் தரகர். நிஜமா அக்கா?

அக்கா: கையில் தர மாட்டார்கள்டா. நீ கட்ட வேண்டிய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017 வரிச் சட்டத்துக்கு அப்புறம் அதையும் ஐந்து வருடமாகப் பிரித்துத்தான் கழிக்க முடியும். கட்டடம் நேஷனல் ரெஜிஸ்டரில், அதாவது பழமையான இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில், இருக்கிறதா?

அண்ணன்: தனியாக இல்லை. அந்த வட்டாரமே பதிவாகியிருக்கிறதாம்.

அக்கா: அப்படியென்றால், வட்டாரத்தின் பழமையில் இந்தக் கிடங்குக்கும் பங்கு உண்டு என்று நேஷனல் பார்க் சர்வீஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தின் முதல் பாகம் அதுதான். என்ன வேலை செய்யப்போகிறாய் என்பது இரண்டாம் பாகம். வேலை முடிந்ததும் மூன்றாவது.

சித்தப்பா: பூங்காத் துறைக்கும் கட்டடத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?

அக்கா: அந்தப் பதிவேட்டை வைத்திருப்பதே அவர்கள்தான் சித்தப்பா. வரிக் கணக்கை ஐஆர்எஸ், அதாவது வருமான வரித் துறை, பார்க்கும்.

அண்ணன்: விலை 4 லட்சம் டாலர். ஒன்றரை லட்சத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அக்கா: அப்படிச் செய்தால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. நிலத்தின் மதிப்பு போக, கட்டடத்துக்கு நீ கொடுத்த விலையைவிடச் சீரமைப்புச் செலவு அதிகமாக இருக்க வேண்டும், அதுவும் 24 மாதத்துக்குள். நிலம் 60,000 என்றால் 3,40,000-க்கு மேல் செலவு செய்தாக வேண்டும். 4 லட்சம் செலவழித்தால் கிரெடிட் 80,000, வருடத்துக்கு 16,000. வாங்கிய விலைக்கும், புதிதாகக் கூட்டிக் கட்டும் பகுதிக்கும் கிடையாது.

அண்ணி: அந்த 16,000-ஐ எங்கள் சம்பள வரியில் கழிக்கலாமா அக்கா?

அக்கா: அங்கேதான் நிறையப் பேர் கணக்குத் தப்பிவிடுகிறார்கள். வாடகைத் தொழில் ஐஆர்எஸ் கணக்கில் ‘பாஸிவ்’, சம்பளத்தோடு சேராத தனி வகை. அதில் வரும் கிரெடிட்டைச் சம்பள வரியில் கழிக்க வரம்பு உண்டு. வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் சம்பள வரியில் ஓரளவு கழிக்கலாம். அதற்கு மேல் போகப்போகக் குறைந்து, 2,50,000-இல் நின்றுவிடும். மிச்சம் அழியாது, பின்வரும் வருடங்களுக்குப் போகும். இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

அண்ணன்: மேலே ஒரு வீட்டில் நாங்களே குடியிருந்தால்?

அக்கா: அந்தப் பங்குக்குக் கிடையாது. ஐந்து வருடத்துக்குள் விற்றாலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

அண்ணன்: சரி. கிரயம் முடிந்ததும் வினைல் சன்னல் போடவும், செங்கலை மணல் அடித்துச் சுத்தம் செய்யவும் ஆள் பேசியிருக்கிறேன்.

அக்கா: வேண்டவே வேண்டாம்! மணல் அடித்தால் செங்கலின் சுட்ட மேற்பரப்பு போய்விடும், அப்புறம் சுவர் தண்ணீர் குடிக்கும். மொத்த கிரெடிட்டும் கைவிட்டுப் போகலாம். மரச் சன்னலில் பழுதுபார்க்க முடிந்ததைப் பழுதுபார். முடியாதவற்றுக்கு அதே அளவு, அதே கண்ணாடிப் பிரிப்பு. அந்தத் தெருவில் செருப்பும் துணியும் அடுக்கிவைத்த கிடங்குகள் இடிபடாமல் வீடுகளானதற்கு இந்தச் சலுகை பெரிய காரணம். 1998-இல் மிசௌரி தன் பங்குக்கும் ஒரு கிரெடிட் கொண்டுவந்தது. அதையும் கேள். அத்தனை வருடம் நின்ற சன்னலை நம் கையால் பிடுங்கக் கூடாதுடா.

அண்ணன்: இரண்டு பேரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா: நல்லது. வெளிச்சுவர், உள்ளே ஒவ்வொரு அறை, ஒவ்வொரு சன்னல், எல்லாவற்றையும் இப்போதே படம் எடு. பழைய நிலையின் படம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வரும்வரை ஆணி அடிக்காதே.