காயலாங்கடையில் வாங்கிய ஜப்பான் கிட்டார்: பிராண்டும் வருடமும் கண்டுபிடிக்க உதவுங்கள்

ராயபுரம் தந்தி:
வணக்கம். போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலாங்கடையில் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். லெஸ் பால் (அமெரிக்காவின் கிப்சன் கிட்டார் நிறுவனத்தின் பிரபல மாடல்) வடிவம், நல்ல கனம். யாரோ மொத்தத்துக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டார்கள். தலையையும் விடவில்லை, அதனால் பெயர் தெரியவில்லை. தலையின் பின்பக்கம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மரத்தில் குத்திய எண் வந்தது: ஆங்கில ‘டி’, அடுத்து 78, அப்புறம் நான்கு எண்கள். கீழே ‘மேட் இன் ஜப்பான்’. கழுத்து உடம்போடு ஒட்டியிருக்கிறது, தகடோ திருகாணியோ இல்லை.

வால்யூமைத் திருப்பினால் கரகர என்று சத்தம். ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். பார்த்ததுமே “லோக்கல் காப்பி” என்றார்கள். புது பாட் (குமிழைத் திருப்பி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) உள்ளே போகவில்லை, ஓட்டையைப் பெரிசாக்கித்தான் போடணும், பெயிண்டையும் உரித்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன். சர்ச்சில் வாசிக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு இதையே எடுத்துப் போக ஆசை. இது என்ன கிட்டார்?

பெரம்பூர் பேஸ்:
தம்பி, லோக்கல் காப்பி இல்லவே இல்லை. அந்த எழுத்துதான் மாதம். ‘ஏ’ ஜனவரியில் தொடங்கி ‘எல்’ டிசம்பர் வரை போகும். ‘டி’ ஏப்ரல், 78 வருடம். 1978 ஏப்ரல். ஐபனெஸ் என்ற ஜப்பானிய பிராண்ட் அப்போது இப்படித்தான் எண் போட்டது. உங்களுக்கு ஐபனெஸ் கிடைத்திருக்கிறது!

மரத்தூள்:
மாதமும் வருடமும் சரி. பிராண்டை மட்டும் அதற்குள் முடிவு செய்ய வேண்டாம். ஐபனெஸும் கிரெகோ என்ற இன்னொரு ஜப்பானிய பிராண்டும் அந்தக் காலத்தில் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. நகானோ மாவட்டம் மாட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிஜென் அது. கிரெகோவிலும் இதே மாதிரி எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருடம். எண் பிறந்த தேதியைச் சொல்லும், வீட்டுப் பெயரைச் சொல்லாது.

தலையின் மேல் விளிம்பைப் பாருங்கள். திறந்து வைத்த புத்தகம் மாதிரி நடுவில் பள்ளம் இருக்கிறதா? அது கிப்சனின் வடிவம். 1977 ஜூனில் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், அமெரிக்காவில் ஐபனெஸ் விற்ற எல்ஜர் மேல் இந்தத் தலை வடிவத்துக்காகத்தான் வழக்குப் போட்டது. அதற்குள் ஐபனெஸ் தலையை மாற்றியிருந்தது. கிரெகோ ஜப்பானுக்குள்ளேயே விற்ற பிராண்ட், பழைய வடிவத்தையே வைத்திருந்தது. ஆக, 1978-இல் புத்தகத் தலை என்றால் கிரெகோவுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: இருட்டில் போன் டார்ச்சைத் தலையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பெயிண்டுக்கு அடியில் பதித்த எழுத்தின் விளிம்பு நிழலாகத் தெரியலாம். ஐபனெஸ் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, நேர்கோட்டில் ஆரம்பிக்கும். கிரெகோ ஐந்து, முதலும் கடைசியும் வட்டம். தின்னர் மட்டும் தொடாதீர்கள், அடியில் உள்ள பூச்சும் சேர்ந்து போய்விடும்.

ராயபுரம் தந்தி:
அண்ணா, பள்ளம் இருக்கிறது! நேற்று ராத்திரி மொட்டை மாடியில் டார்ச் அடித்தோம், தம்பி பிடித்துக்கொண்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சாய்த்ததும் முடி மாதிரி ஒரு மெல்லிய வளைவு. எண்ணிப் பார்த்தோம், ஐந்துதான். கடைசி எழுத்து முழு வட்டம்.

காயலாங்கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ராயபுரத்தில் ஒரு வீட்டைக் காலி பண்ணியபோது வந்ததாம். அந்த வீட்டு அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவங்க அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், ஜப்பானின் கோபே துறைமுகத்தில் வாங்கி வந்தாராம். கறுப்பு பெயிண்ட் அடித்தது அவங்க அண்ணன்.

பெரம்பூர் பேஸ்:
நான் அவசரப்பட்டுவிட்டேன். ஜப்பானுக்குள் மட்டும் விற்ற கிட்டார் நம்ம ஊருக்கு எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கப்பல்காரர் வாங்கியது என்றால் கணக்கு சரியாகிறது. அங்கே கடையில் கிடைத்ததைத்தானே வாங்கியிருப்பார்.

மரத்தூள்:
1978 ஏப்ரல், கிரெகோ. நான் இதில் நிற்கிறேன். எந்த மாடல் என்று சொல்ல உள்ளே பார்க்கணும். அங்கே அப்போது மாடல் எண்ணே விலையைச் சொல்லும். 500 என்றால் 50,000 யென். பிக்கப்பைக் (தந்திக்கு அடியில் அதன் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) கழற்றும்போது அடியில் குத்திய எண் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

ஓட்டையைப் பெரிசாக்கவே வேண்டாம். கடையில் இருந்தது அமெரிக்க அளவு பாட், ஓட்டைக்குள் போகும் அதன் மரை 9.5 மி.மீ. வரும். உங்களுடையது மெட்ரிக், அதிகம் போனால் 8. பழைய பாட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்து அதே அளவு கேளுங்கள். முனையில் உள்ள பற்களும் அமெரிக்கப் பாட்டில் 24, ஜப்பானியதில் 18. மாறினால் பழைய நாப் (திருப்பும் குமிழ்) உட்காராது. அதற்கும் முன்னால் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்துப் பாருங்கள். துறைமுகத்துப் பக்கம் உப்புக் காற்று, பாதி கரகரப்பு அதனால்தான்.

ராயபுரம் தந்தி:
பின் மூடியைத் திறந்தேன். பாட்டின் காலில் பச்சையாகப் படிந்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே ஸ்பிரே அடித்து, ஒவ்வொன்றையும் முப்பது தடவை திருப்பினேன். வால்யூம் இரண்டும் சுத்தமாகிவிட்டது. டோன் ஒன்று மட்டும் இன்னும் கரகரக்கிறது, அளந்தேன், 8 மி.மீ.தான். அதை மட்டும் தேடி வாங்கிப் போடுகிறேன். கறுப்பு பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். அந்த அக்காவைக் கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், கேட்கட்டும்.